ஒரு குஞ்சின் பாட்டை ஒன்றுவிடாமல் கேட்பது

ஜீப்ரா ஃபிஞ்ச் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் வாழும், கைக்குள் அடங்கிவிடும் பறவை. நம் ஊர் பறவைக் கடைகளிலும் கூண்டில் பார்த்திருப்பீர்கள். இதில் ஆண் மட்டும்தான் பாடும். பாட்டின் அடிப்படைத் துண்டு ஒரு நொடிகூட வராது. ஆனால் அது பிறவியிலேயே வருவதில்லை. அப்பாவிடமோ பக்கத்தில் இருக்கும் வேறோர் ஆணிடமோ கேட்டு, நினைவில் வைத்து, அப்புறம் தன் தொண்டையில் வரவழைக்க வேண்டும். பொரித்து ஒரு மாதத்தில் முனகலாக ஆரம்பிப்பது, 90 நாள் வாக்கில் மாறாத பாட்டாக இறுகிவிடும்.

இடைப்பட்ட இரண்டு மாதத்தில் என்னதான் நடக்கிறது?

1950களில் கேம்பிரிட்ஜில் விலங்கியலாளர் வில்லியம் தோர்ப், சாஃபிஞ்ச் என்ற வேறொரு பாடும் பறவையின் குஞ்சுகளைத் தனியே வளர்த்து, அவற்றின் ஒலியைத் தாளில் படமாக்கிப் பார்த்தார். நேரம் கிடையாகவும் அதிர்வெண் செங்குத்தாகவும் விழும் அந்தப் படத்துக்கு ஸ்பெக்ட்ரோகிராம் என்று பெயர். பெரியவற்றின் பாட்டைக் கேட்காமல் வளர்ந்த குஞ்சுகள் அரைகுறைப் பாட்டுதான் பாடின. அருமையான வேலை. ஆனால் படங்களைக் கண்ணால்தான் ஒப்பிட வேண்டியிருந்தது. குஞ்சோ ஒரே நாளில் ஆயிரக்கணக்கான அசைகளை, அதாவது பாட்டின் சிறு ஒலித்துண்டுகளை, பாடித் தள்ளுகிறது. அவ்வப்போது எடுத்த சில பதிவுகளை வைத்துக்கொண்டு நடுவில் நடந்ததை ஊகிக்கத்தான் முடிந்தது.

2000ஆம் ஆண்டில் ஓஃபர் செர்னிகோவ்ஸ்கி, பார்த்தா மித்ரா முதலான ஆய்வாளர்கள் இந்த வேலையைக் கணினியிடம் கொடுத்தார்கள். மைக் பிடிக்கும் ஒலி நொடிக்கு 44,100 எண்களாக உள்ளே போகிறது. நிரல் அதைச் சுமார் 10 மில்லிநொடித் துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சில அளவுகளைக் குறிக்கிறது: சுருதி எவ்வளவு, அது ஏறுகிறதா இறங்குகிறதா, ஒலி விசில்போலத் தெளிவாக இருக்கிறதா அல்லது வெறும் இரைச்சலா. பிறகு ஒவ்வோர் அசையும் வரைபடத்தில் ஒரு புள்ளி ஆகிறது. முதல் நாட்களில் புள்ளிகள் இறைத்துவிட்ட கடுகு மாதிரி கிடக்கும். போகப்போக ஓரிடத்தில் கூடும், சில நேரம் ஒரு கூட்டம் இரண்டாகப் பிரியும். ஓர் அசையிலிருந்து இன்னொன்று பிறப்பதை அப்படியே பார்க்கலாம். குஞ்சு கேட்டுப் பழகிய ஆசான் பறவையின் பாட்டோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கும் நிரலே மதிப்பெண் போட்டுவிடும்.

குஞ்சு பாடியது எல்லாவற்றையும் இப்படிப் பதிவு செய்ததன் பலன் 2005இல் தெரிந்தது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு அதுதான். லட்சக்கணக்கான அசைகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, வேகமாகக் கற்கும் நாட்களில் குஞ்சின் பாட்டு காலையில் முந்தின மாலையைவிட மோசமாக இருந்தது! அசைகள் வடிவம் குலைந்து, பழைய முனகல் பக்கம் சரிந்திருந்தன. காலையில் விடாமல் பாடிப் பாடித்தான் இழந்ததை மீட்டன. தூக்கக் கலக்கமும் காரணமில்லை, இரவில் பாடாமல் இருந்ததும் காரணமில்லை என்று சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அதைவிட ஆச்சரியம், காலையில் அதிகமாகச் சரிந்த குஞ்சுகள்தான் கடைசியில் ஆசானை நன்றாகப் பின்பற்றிப் பாடின. வாரம் ஒருமுறை மட்டும் பதிவு செய்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

தூங்கும்போது மூளையில் ஏதோ ஒத்திகை நடக்கிறதோ என்ற சந்தேகத்துக்கு இடமுண்டு. வளர்ந்த ஜீப்ரா ஃபிஞ்ச் தூங்கும்போது, பாடும் நேரத்தில் துடிக்கும் நரம்பணுக்கள் அதே ஒழுங்கில் துடிப்பதை அமிஷ் டேவும் டேனியல் மார்கோலியாஷும் 2000இலேயே காட்டியிருந்தார்கள்.

சரி, எந்த அளவுகளைக் குறிப்பது என்று முடிவு செய்தது யார்? மனிதர்கள்தான். இப்போது அதையும் இயந்திரக் கற்றலிடம் விட்டுப் பார்க்கிறார்கள். ஸ்பெக்ட்ரோகிராமைச் சில பத்து எண்களாகச் சுருக்கி, அந்த எண்களிலிருந்தே மறுபடி படத்தை வரையும்படி ஒரு செயற்கை நரம்பு வலையமைப்பைப் பழக்குகிறார்கள். படம் சரியாக வந்தால், அசையின் சாரம் அந்த எண்களுக்குள் இருக்கிறது என்று பொருள். நாம் பெயர் வைக்காத வேறுபாடுகளும் இதில் சிக்குகின்றன.

ஆனாலும் பறவை எதைக் கேட்கிறது என்பது தனிக் கேள்வி. செவிப்புலச் சோதனைகளில் ஓர் அசையைத் தலைகீழாக ஒலிக்கவிட்டால் ஜீப்ரா ஃபிஞ்ச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுகிறது. அசைகளின் வரிசையை மாற்றினால்தான் திணறுகிறது. நம் காதில் முதலில் படுவது வரிசை. ஆகவே குஞ்சுக்கு மதிப்பெண் போடும் நிரல், அசைக்கு உள்ளே இருக்கும் சில மில்லிநொடி நுணுக்கங்களுக்குத்தான் கூடுதல் எடை தர வேண்டியிருக்கிறது.