இருமுனை மனநிலை நோய்: ‘இரட்டை மனநோய்’ என்னும் பிழை

மன எழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் பைபோலார் டிசார்டர் என்பதை ‘இரட்டை மனநோய்’ என்று பெயர்க்கும் வழக்கம் நலவாழ்வுக் கட்டுரைகளிலும் தொலைக்காட்சி உரையாடல்களிலும் தலைகாட்டி வருவதை நெடுநாளாகப் பொறுத்துக்கொண்டிருந்தேன். அண்மையில், பதின்பருவப் பிள்ளைகளின் பெற்றோருக்கென்றே அச்சிடப்பட்ட ஒரு துண்டறிக்கையிலும் அதே தொடர் தடித்த எழுத்தில் நின்றது. இச்சொல்லின் பொருளைச் சரியாக அறிய வேண்டியவர்கள் அந்தப் பெற்றோரே என்பதால், இனியும் பொறுப்பதற்கில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘பை’ இரண்டைக் குறிக்கும் இலத்தீன் முன்னொட்டு; ‘போலார்’ என்பது சுழலச்சு என்று பொருள்படும் ‘போலோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. 1854-இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபால்ரே இந்நோயை ‘வட்டப் பித்து’ என்னும் பொருள்பட அழைத்தார். 1899-இல் ஜெர்மானிய உளமருத்துவரான கிரெப்பெலின் எழுச்சியையும் சோர்வையும் ஒரே பெயரில் இணைத்தார். எழுச்சி, சோர்வு ஆகிய இரண்டும் வருவோரை, ஒன்று மட்டுமே வருவோரிடமிருந்து பிரித்துக்காட்ட 1957-இல் ஜெர்மானிய உளமருத்துவர் கார்ல் லெயோன்ஹார்ட் ‘இருமுனை’, ‘ஒருமுனை’ என்ற பாகுபாட்டைக் கொண்டுவந்தார். 1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறி கையேடு தன் மூன்றாம் பதிப்பில் அப்பெயரை ஏற்றது. ஆக, நோய் ஒன்று. அதன் முனைகள் இரண்டு.

‘இரட்டை’ என்னும் சொல் இதைச் சொல்லாது. தமிழில் இரட்டை என்பது ஒரே வகையான இரண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து நிற்பதைக் குறிக்கும்: இரட்டைக் குழந்தை, இரட்டை மாட்டு வண்டி. இரட்டைக்கிளவியில் இரண்டாவது ஒலி முதல் ஒலியின் மறுபதிப்பே. ‘இரட்டை மனநோய்’ என்றால், இலக்கணப்படி, ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு மனநோய்கள் என்றுதான் பொருள் கொள்ள வேண்டியிருக்கும். அதைவிடக் கேடானது, அச்சொல் கேட்பவர் மனத்தில் ‘இரட்டை வேடம்’ என்பதை எழுப்பிவிடுவது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இந்நோய் என்று அறிந்த ஆசிரியரோ அத்தையோ, அவள் நடிக்கிறாள் என்றோ, அவளுக்குள் இன்னொருத்தி இருக்கிறாள் என்றோ எண்ணத் தொடங்கினால், அந்த எண்ணத்தை விதைத்தவர் மொழிபெயர்ப்பாளரே.

இன்னொரு குழப்பமும் உண்டு. காலையில் சிரித்த மகன் மாலையில் கதவை அறைந்து சாத்தினால், ‘இரட்டை மனநிலை’ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இந்நோயின் கணக்கு அதுவன்று: மிகையெழுச்சி பொதுவாக ஒரு வாரமேனும், அதன் மென்வடிவம் நான்கு நாள்களேனும், சோர்வு இரண்டு வாரங்களேனும் நீடித்திருக்க வேண்டும் என்பதே நோயறியும் அளவுகோல். சிலருக்கு இரண்டின் அறிகுறிகளும் கலந்து வருவதுண்டே, அப்போது ‘இரட்டை’ பொருந்தாதா என்று கேட்பார்கள். பொருந்தாது, கலந்து வந்தாலும் நோய் ஒன்றே, அதை இரண்டாக்குவது சொல் மட்டுமே.

‘இருதுருவக் கோளாறு’ இவ்வளவு மோசமில்லை. ஆயினும் துருவம் என்பது அசையாது நிலைபெற்றதைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது. அசைந்துகொண்டே இருப்பதுதான் இந்நோயின் இயல்பு. மேலும், ‘இருவரும் இரு துருவங்கள்’ என்றால் தமிழில் ஒத்துப்போகாத இருவர் என்றே பொருள். (தந்தையும் பதினாறு வயது மகனும் அப்படி இருந்தால் அது நோயன்று, வயது.) ‘பிறழ்வு’ என்பாரும் உளர். நெறிபிறழ்தல், பிறழ்சாட்சி என்று குற்றத்தின் சாயலேறிய அச்சொல்லை ஒரு பிள்ளையின் தலையில் வைக்க எனக்கு மனமில்லை.

‘கோளாறு’ மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது என்பதை அறிவேன். இருந்தும், கோளாறு என்றவுடன் திருத்த வேண்டும் என்ற எண்ணம் வருகிறது. வளரும் பிள்ளையிடம் அந்தத் திருத்தம் அதட்டலாகவும் பிரம்பாகவும் மாறிவிடுகிறது. நோய் என்றால் மருந்து நினைவுக்கு வரும். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் பயன் கண்டறிந்த லித்தியம் இன்றும் தரப்படுகிறது. இரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது சோதிக்க வேண்டும், நாள்தோறும் தவறாமல் விழுங்க வேண்டும். இத்தகைய ஒழுங்கை வீட்டார் ஏற்பதற்கு ‘நோய்’ என்ற பழஞ்சொல்லே துணைநிற்கும். ஆகவே ‘இருமுனை மனநிலை நோய்’ என்றே நான் எழுதுகிறேன். ‘மனநிலை பாதிக்கப்பட்டவர்’ என்று செய்தித்தாள்கள் எழுதியெழுதி மனநிலை என்ற நல்ல சொல்லைக் கறைப்படுத்தியிருப்பது உண்மைதான்; அதற்காக அதைக் கைவிட வேண்டியதில்லை.

முனைகளின் பெயர்களிலும் இதே அலட்சியம்தான். எழுச்சி முனையான மேனியாவை ‘வெறி’ என்கிறார்கள். வெறி என்றால் அடிப்பதும் உடைப்பதும் கண்முன் நிற்க, மூன்று மணி நேரமே உறங்கியும் களைப்பின்றி, ஓயாமல் பேசி, பெருந்திட்டங்கள் தீட்டி, பொதுத்தேர்வுக்கு முன் இரவெல்லாம் விழித்திருக்கும் பிள்ளையைக் கண்டு பெற்றோர் பூரித்துப்போகிறார்கள். மிகையெழுச்சி என்றிருந்தால் அந்த உறக்கமின்மை ஒரு கணமாவது உறுத்தியிருக்கும். டிப்ரஷனை ‘மன அழுத்தம்’ என்று எழுதுவதோ பிழைகளுக்கெல்லாம் தலையாய பிழை. அழுத்தம் வெளியிலிருந்து வருவது, ஸ்ட்ரெஸ் என்பதற்கு உரியது, டிப்ரஷன் மனச்சோர்வு. படிப்பின் அழுத்தம், தேர்வு முடிந்தால் சரியாகிவிடும் என்று வாரங்கள் கழிவதற்கு இந்தச் சொல்மயக்கமும் ஒரு காரணம்.

மருத்துவரிடம் செல்லும் பெற்றோர் ‘மன அழுத்தம்’ என்று மட்டும் கூறி, சில மாதங்களுக்கு முன் வந்துபோன அந்த எழுச்சி நாள்களை ‘நன்றாக இருந்த காலம்’ என்று விட்டுவிட்டால், சோர்வுக்கான மருந்து மட்டும் தரப்படக்கூடும். தனியே தரப்படும் அம்மருந்து இந்நோய் உள்ள சிலருக்கு மிகையெழுச்சியைத் தூண்டிவிடும் என்பதால்தான், பிள்ளை எப்போதாவது உறங்காமலே உற்சாகமாக இருந்ததுண்டா என்று மருத்துவர்கள் துருவித் துருவிக் கேட்கிறார்கள்.