மீட்ட நீர்: சொல்லும் பொறுப்பும்

காரைக்குடிப் பக்கத்தில் அடகு வைத்த நகை வீடு திரும்பினால் ‘மீட்டாயிற்று’ என்பார்கள். வட்டித் தொழிலுக்குப் பெயர்பெற்ற செட்டிநாட்டில் இந்தச் சொல்லுக்குத் தனி எடை உண்டு. வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் நகை பெட்டகத்தை விட்டு வெளியே வராது. அசலும் தீர வேண்டும். சாக்கடை நீரைச் சுத்திகரித்து மறுபடி பயனுக்குக் கொண்டுவருவதைப் பொறியாளர்கள் ‘ரீகிளெய்ம்டு வாட்டர்’ என்கிறார்கள். அந்த நீருக்கு ‘மீட்ட நீர்’ என்பதே சரியான தமிழ் என்று நான் நம்புவதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். ‘ரீ’ என்றால் திரும்ப, ‘கிளாமாரே’ என்றால் உரக்கக் கூவுதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, வேட்டைக்குப் பறக்கவிட்ட வல்லூற்றைக் கூவித் திரும்ப அழைப்பதற்கும் இந்தச் சொல் வழங்கியது. பிறகு வழிதவறிய மனிதனைத் திருத்துவது, சதுப்பு நிலத்தை விளைநிலமாக்குவது என்று விரிந்து, கடைசியில் சாக்கடை நீரைப் பயனுக்குக் கொண்டுவருவதையும் குறித்தது.

தமிழில் மீள்தல் என்றால் தானே திரும்பி வருதல். மீட்டல் என்றால் திரும்பி வரச் செய்தல். அதனால் ‘மீள்நீர்’ எனக்கு உவப்பாக இல்லை. நீர் தானாக மீள்வதில்லை. ஒருவர் உழைத்து, செலவழித்து, சோதித்து மீட்கிறார். ‘மீட்ட’ என்ற இறந்தகாலப் பெயரெச்சம், அந்த வேலை முடிந்துவிட்டது என்று உறுதி சொல்கிறது.

இப்போது வழங்கும் பெயர்களில் இந்த உறுதி இல்லை. ‘சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர்’ என்பது எவ்வளவு சுத்தம், எதற்கு ஏற்ற சுத்தம் என்று சொல்லாது. ‘மறுசுழற்சி நீர்’ ஓர் ஆலைக்குள்ளேயே சுற்றிவரும் நீருக்குப் பொருந்தும். ஊர்ச் சாக்கடையிலிருந்து வயலுக்குப் போகும் நீர் எங்கே சுழல்கிறது? பச்சையாக உண்ணும் பயிர்களுக்குப் பாய்ச்சும் இத்தகைய நீரில் குடற்புழு முட்டை லிட்டருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989இல் வழிகாட்டியது. அந்த நிலையை எட்டாத நீரைக் கீரைப் பாத்திக்கு விடுவது, வட்டியை மட்டும் கட்டிவிட்டு நகையைக் கேட்பது போன்றது.

பயன்படுத்திய நீரை வீணாக்காத பழக்கம் நமக்குப் புதிதல்ல. அரிசி களைந்த நீருக்குக் கழுநீர் என்று பெயரே வைத்து, தொட்டியில் சேர்த்து மாட்டுக்குக் கொடுத்தோம். பாத்திரம் கழுவிய நீர் கொல்லையில் வாழைக்குப் போனது.

இந்த நீரை இன்னும் அதிக நிலத்துக்குக் கொண்டுபோவதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது: ஆயக்கட்டு. ஒரு கண்மாயின் நீரை நம்பிய மொத்த நிலப்பரப்பு அது. ‘பாசன விரிவாக்கத் திட்டமிடல்’ என்று நீட்டுவதைவிட ‘மீட்டநீர் ஆயக்கட்டைப் பெருக்குதல்’ என்றால் உழவருக்கு உடனே கணக்கு ஓடும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பாதாளச் சாக்கடை உள்ள நகரில் ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் குடிநீர் வழங்க வேண்டும் என்பதும், அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பதும் திட்ட அளவுகள். ஒரு லட்சம் பேர் வாழும் ஊரென்றால் நாளைக்கு 1 கோடியே 8 லட்சம் லிட்டர். பயிருக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் உயர நீர் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 20,000 லிட்டர் வேண்டும். ஆக, தாளில் 540 ஏக்கர். ஆவியாவதும் கசிவதும் போக மெய்யான ஆயக்கட்டு அதைவிடக் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் நீர் கேட்காது. சாக்கடையோ அன்றைக்கும் அதே அளவு வரும். அதைத் தேக்க இடம் பார்க்காமல் குழாயை மட்டும் நீட்டினால் திட்டம் முதல் மழையிலேயே திணறும். சோப்பிலிருந்து வரும் சோடியத்தையும் மறக்கக் கூடாது. அது மண்ணில் சேரச் சேர நிலம் இறுகும். ஆண்டுதோறும் மண்ணைச் சோதித்தாக வேண்டும்.

எங்கே தேக்குவது என்பதில்தான் எனக்குக் கவலை அதிகம். செட்டிநாட்டில் ஊருணி வேறு, கண்மாய் வேறு. ஊருணி ஊர் உண்ணும் நீர். திருக்குறளிலேயே (215) இருக்கும் சொல். வீட்டுக் கூரைகளில் விழுந்த மழைநீர் வளவு முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியே ஊருணிக்குப் போகும்படி ஊரை அமைத்தவர்கள் நம் முன்னோர். மீட்ட நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஊருணியிலோ அதன் வரத்துக்காலிலோ கலக்கக் கூடாது. அதன் இடம் பாசனக் கண்மாய், அதுவும் குடிநீர்க் கிணறுகளிலிருந்து தள்ளி இருக்கும் கண்மாய்.

அமெரிக்காவில் இந்த நீருக்கு ஊதா நிறக் குழாய் போடுகிறார்கள். நம் ஊரிலும் அதே நிறம் இருக்கட்டும். ஒவ்வொரு மடையருகிலும் பெரிய எழுத்தில் ஒரு பலகை வேண்டும்: ‘மீட்ட நீர். பயிருக்கு மட்டும். குடிக்கக் கூடாது.’