வலியை மறைக்க வைக்கும் பயிற்சி

ஊர்க் கோயில்களில் கொடை விழாக் காலம் வந்தால் போதும், பாளையங்கோட்டையில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் எங்களிடம் கபடி முட்டிகள் வரிசையாக வரும். சென்ற வாரம் வந்தவனுக்கு 17 வயது. மின்னொளிப் போட்டியில் ரெய்டு போனபோது முட்டிக்குள் 'டப்' என்று சத்தம்; அன்றிரவே வீக்கம். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த ஆட்டங்களும் ஆடியிருக்கிறான். முட்டியை நிலையாகப் பிடித்து வைக்கும் சிலுவை ஜவ்வு (ACL) அறுந்திருந்தது. கூடவே முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் பிறை ஜவ்வும் (meniscus) கிழிந்திருந்தது. முதல் நாளே உட்கார்ந்திருந்தால் இரண்டாவதாவது தப்பியிருக்கக்கூடும். இனி அறுவை சிகிச்சை. களம் திரும்பப் பெரும்பாலும் 9 மாதமாவது ஆகும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "சார் ஏசுவார்" என்கிறான்.

"அடியாத மாடு படியாது" என்று இன்னும் எத்தனை பயிற்சியாளர்கள் என்னிடம் சொல்வார்களோ தெரியவில்லை. பயந்த பையன் படிவதில்லை, மறைக்கிறான். பயிற்சியாளர்களே, உங்கள் கண் முன்னால் ஓடுவான், நீங்கள் திரும்பினால் நிற்பான். வலி, தூக்கமின்மை, வீட்டுச் சண்டை எதுவும் உங்கள் காதுக்கு வராது. கபடியில் கை கோத்துப் பிடிக்கிறார்கள். தோள் வலியை ஒருவன் மறைத்தால் சங்கிலி அந்த இடத்தில்தான் அறும். கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கை உள்ள இடத்தில் கண்டிப்பும் எடுபடும்.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். மாதவிலக்கு மாதக்கணக்கில் வராமல் இருப்பதைச் சொல்ல ஆளில்லை. பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாததன் அடையாளமாக அது இருக்கலாம். எலும்பு பலவீனமாகிக் கீறல் விடும் வரை காத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கோவில்பட்டியில் ஹாக்கி பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி வெண்கலத்தோடு வந்தார்கள். அந்தக் கனவோடு பெற்றோர் பிள்ளைகளை விளையாட்டு விடுதிகளில் விடுகிறார்கள். அங்கே தாய் தகப்பன் இடத்தில் இருப்பவர் நீங்கள்தான்.

பயிற்சிக்கு முன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தூக்கம், சாப்பாடு, வலி மூன்றையும் கேளுங்கள். வலி என்று வந்தவனைக் கேலி செய்யாதீர்கள். அதைப் பார்த்த மற்றவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். கேப்டனாக, தம்பிகள் 'அண்ணே' என்று தயங்காமல் வந்து பேசும் ஒருவனைப் போடுங்கள். பெற்றோரே, ஆட்டம் முடிந்து வந்தவனிடம் ஸ்கோரை அப்புறம் கேட்கலாம்.

அடிபட்டவனைத் தயவுசெய்து அணியிலிருந்து வெட்டிவிடாதீர்கள். மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள், ஸ்கோர் எழுதட்டும், சின்னப் பையன்களுக்குப் பிடி சொல்லிக் கொடுக்கட்டும். சிகிச்சை நடக்கும் மாதங்களில் ஒரு தடவையாவது அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.