ஸ்வீட்டன்: டீ டம்ளர் முதல் எரிவாயு ஆலை வரை

'ஸ்வீட்டன்' என்ற ஆங்கில வினைக்கு நேர்ப்பொருள் இனிப்பாக்குதல். 'ஸ்வீட்' என்ற பெயரடையோடு 'என்' விகுதி சேர்ந்து 16ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த சொல்; சாஃப்டன், டார்க்கன் எல்லாம் இதே வார்ப்பு. வேர் இன்னும் பழையது. ஸ்வீட்டும் சமஸ்கிருத 'ஸ்வாது'வும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. பேசி இணங்கவைப்பதைச் சொல்லும் 'பெர்சுவேட்'கூட லத்தீன் வழியாக அந்த வேரைத்தான் தொடுகிறது.

தமிழில் 'இனி', 'தித்தி' இரண்டும் தன்வினை. பாயசம் இனிக்கும்; பாயசத்தை நாம் இனிக்க முடியாது. அதனால் இனிப்பூட்டு, இனிப்பாக்கு என்று துணைவினை சேர்க்கிறோம். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சாக்கரின் போன்றவற்றுக்கு 'இனிப்பூட்டி' நன்றாகவே பொருந்துகிறது. சமையல் குறிப்பில் மட்டும் 'சர்க்கரை போடவும்' என்று எழுதிவிட்டுப் போகலாம், அடுப்படியில் யாரும் இனிப்பூட்டுவதில்லை.

உருவகப் பொருளில்தான் சிக்கல். கார் ஷோரூமில் பேரம் இழுக்கிறது. விலையில் ஒரு ரூபாய் இறங்க மாட்டார்கள். "சரி சார், சீட் கவர் ஃப்ரீயா போட்டுத் தர்றோம்" என்பார்கள். அதுதான் 'ஸ்வீட்டன் த டீல்'. 'பேரத்தை இனிப்பாக்கினார்' என்றால் காதில் ஒட்டாது. கொசுறு என்று சொல்ல ஆசைதான். ஆனால் கொசுறு, காய் வாங்கி முடித்தபின் கையில் வரும் கறிவேப்பிலை. இது வாங்கவைப்பதற்காக முன்னாலேயே காட்டுவது. 'கூடுதல் சலுகை காட்டி மசியவைத்தார்' என்பதே சரி. கசப்பான செய்தியைப் பதமாகச் சொல்வதற்கும் இந்த வினை வரும். அதற்கு நம்மிடம் 'தேன் தடவிச் சொல்' தயாராக இருக்கிறது.

எண்ணெய்த் துறையில் பொருள் அப்படியே தலைகீழ். அங்கே எதையும் சேர்ப்பதில்லை, எடுக்கிறார்கள். கந்தகம் சுமார் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் கச்சா எண்ணெய் 'ஸ்வீட்', அதற்கு மேல் 'சவர்', அதாவது புளிப்பு. இயற்கை எரிவாயுவில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற அமில வாயு கலந்திருந்தால், எரிவாயுவை அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசல் வழியாக ஏற்றுவார்கள். கரைசல் அந்த நச்சைப் பிடித்துக்கொள்ளும். இதற்குப் பெயரும் ஸ்வீட்டனிங்தான். இங்கே இனிப்பு என்ற சொல்லே வேண்டாம், 'அமில வாயு நீக்கம்' போதும். புளித்த மண்ணில் சுண்ணாம்பு இடுவதையும் ஆங்கிலத் தோட்டக்காரர்கள் ஸ்வீட்டன் என்பார்கள். நமக்கு அது 'அமில மண் சீர்திருத்தம்'.