மூட்டைல சொத்த கத்திரிக்கா எத்தினி பர்சென்ட்?

அக்கா கல்யாணத்துக்கு, பிரியாணிக்கு தொட்டுக்க கத்திரிக்கா எடுக்கலாம்னு தாய்மாமாவும் நானும் விடிகாலைல வேலூர் மார்க்கெட்டுக்கு போனோம். இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா, 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே அதேதான், மூட்ட மூட்டையா கெடந்துச்சு. மாமா மேலாக்க அஞ்சு காய எடுத்து பொளந்து பாத்தாரு (காசு குடுத்துட்டுதான்), ஒன்னுல கூட புழு இல்ல. "சொத்தையே இல்லடா, எடுத்துக்கலாம்"னாரு.

அங்கதான் சிக்கல். மூட்டைல 20% சொத்தையா இருந்தா கூட, அஞ்சும் நல்லதா வர்றதுக்கு மூணுல ஒரு தடவ சான்ஸ் இருக்கு. 0.8ஐ அஞ்சு தடவ பெருக்கி பாருங்க, 0.33 வரும்.

சரி, 100 காய பொளந்து 20 சொத்தன்னு வச்சிக்குவோம். உடனே 20%னு அடிச்சி சொல்லிட முடியாது, வேற 100 எடுத்திருந்தா 17 வந்திருக்கும், இல்ல 24. அந்த ஆட்டம் எவ்ளோன்னு கணக்கு போடலாம்: 0.2ஐயும் 0.8ஐயும் பெருக்கி 100ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 0.04, அதாவது 4%. அத ரெண்டு மடங்காக்குனா 8. ஆக 12லருந்து 28க்குள்ள. இதே மாதிரி 100 தடவ செஞ்சா ஏறக்கொறைய 95 தடவ உண்மையான நம்பர் நம்ம வலைக்குள்ள மாட்டும். 8ஐ 4 ஆக்கணும்னா 200 பத்தாது, 400 காய் பொளக்கணும். கருத்துக்கணிப்புக்காரங்க பல பேரு 1000 பக்கமே நின்னுடறதுக்கு இதான் காரணம், அங்கயே கூட கொறைய 3%க்கு வந்துடும், அதுக்கு மேல செலவுதான் ஏறும்.

நம்பவே முடியாத விஷயம் ஒன்னு, மூட்ட பெருசா சின்னதாங்கறது கணக்குலயே வரல. பழைய வேலூர் மாவட்டத்துல 2011 சென்சஸ்படி 39 லட்சம் பேரு, நாட்டுல 121 கோடி. எதுல 1000 பேர எடுத்தாலும் அதே 3%தான். ஆனா குலுக்கல் மாதிரி எடுக்கணும், அதான் கண்டிஷன். ஆம்பூர்ல ஷூ கம்பெனி வாசல்ல நின்னுகிட்டு "எங்க வேல செய்றீங்க"ன்னு ஆயிரம் பேர கேட்டா என்னா பதில் வரும்னு சொல்லவா வேணும்?

1936ல அமெரிக்க ஜனாதிபதி தேர்தலப்ப லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை இப்டிதான் கவுந்துச்சு. டெலிபோன் டைரக்டரி, கார் வச்சிருக்கவங்க லிஸ்ட்டுன்னு பாத்து ஒரு கோடி பேருக்கு கார்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல பதில் வந்து, லாண்டன்தான் ஜெயிப்பாருன்னாங்க. அவர எதிர்த்து நின்ன ரூஸ்வெல்ட் 60%க்கு மேல ஓட்டு வாங்கி ஜெயிச்சிட்டு போயிட்டாரு. சூத்திரம் போட்டா 0.1% கூட பெசகக் கூடாது, ஆனா சூத்திரத்துக்கு தெரிஞ்சது அதிர்ஷ்டத்தால வர்ற பெசகு மட்டும்தான், கோணலா பொறுக்குனது அதுக்கு தெரியாது.

நாங்க மூட்டைய தார்ப்பாய்ல கொட்ட சொன்னோம். கடக்காரரு மூஞ்ச சுளிச்சாரு. அடி, நடு, ஓரம்னு கண்ண மூடிகிட்டு 30 காய் எடுத்தோம், 6 சொத்த. அதே 20%தான், ஆனா 30 காய்தானே, கூட கொறைய 15.

"அப்ப மோசமா போனா 35 கழிஞ்சிடும்ங்கற"ன்னு மாமா வெரல் விட்டு எண்ணி, 65 கிலோ நல்ல காய்க்கு 100 கிலோ எட போட சொன்னாரு.