நாலு செடியும் ஒரு விளக்கும்: கனடாவில் வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்பதற்கான விதிகள்

கனடாவின் கஞ்சாச் சட்டம் 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. வீட்டில் வளர்க்கலாமா என்று டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் யாரைக் கேட்டாலும் "ஓம், நாலு செடி" என்பார்கள். சரிதான். ஆனால் அது ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கு நாலு. அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் சேர்ந்திருக்கும் வீட்டில் பெரியவர்கள் ஆறு பேர் என்றாலும் கணக்கு நாலோடு முடிந்தது. ஐந்து, ஆறு செடி என்றால் பொலிஸ் டிக்கெட்டோடு விட்டுவிடலாம். அதற்கு மேலே போனால் வழக்குத்தான். சட்டம் சொல்லும் உச்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை.

மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். ஒன்ராறியோவில் 19 வயது நிறைந்திருக்க வேண்டும். கியூபெக்கில் ஒரு செடிகூட வளர்க்க முடியாது. அந்தத் தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மனிடோபாவிலும் தடை இருந்தது, 2025 மே மாதம் நீக்கிவிட்டார்கள். விதையையும் நாற்றையும் உரிமம் பெற்ற கடையில்தான் வாங்க வேண்டும். கள்ளமாக வந்த விதை என்று தெரிந்தே நட்டால், அது ஒரே ஒரு செடியானாலும் குற்றம்.

இனி விளக்கு. எத்தனை வாட், எல்இடியா சோடியம் விளக்கா, செடியை உள்ளே வைத்து வளர்க்கும் டென்ட் வேண்டுமா என்று இந்தச் சட்டம் எங்கும் கேட்பதில்லை. மசோதாவில் செடி 100 சென்டிமீட்டருக்கு மேல் வளரக் கூடாது என்று ஒரு வரி இருந்தது; அதையும் எடுத்துவிட்டார்கள். (அளவு நாடாவோடு பேஸ்மென்ட் படி இறங்கும் பொலிஸ்காரரை நினைத்துப் பார்த்திருப்பார்கள் போல.) ஆனால் சட்டவிரோதமாக வளர்க்கும் நோக்கத்தோடு வைத்திருந்தால் விளக்கும் மின்விசிறியும்கூடத் தனிக் குற்றமாகிவிடும்.

விளக்கைக் கேள்வி கேட்பது, சுமை மிஞ்சினால் மின்சாரத்தை வெட்டும் உங்கள் பிரேக்கர் பெட்டி. வழக்கமான வீட்டுச் சர்க்கிட் 15 ஆம்பியர், 120 வோல்ட். பெருக்கினால் 1,800 வாட். இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எரிவதைத் தொடர்சுமை என்பார்கள். அதற்கு 80 சதவீதம்தான் கணக்கு, அதாவது 1,440 வாட். செடி வளரும் பருவத்தில் விளக்கு நாளுக்கு 18 மணி நேரம், பூக்கும் பருவத்தில் 12 மணி நேரம் எரியும். 1,000 வாட் சோடியம் விளக்கு இரண்டை ஒரே சர்க்கிட்டில் மாட்டினால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். நாலு செடிக்கு 400 வாட் எல்இடி தாராளம். நாளுக்கு 18 மணி நேரம் எரித்தாலும் 7.2 யூனிட்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் விளக்கு, விசிறி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் கொடுத்திருந்தார்கள். பிளக்கைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, இளகியிருந்தது. பிரேக்கர் விழவேயில்லை. சுமை அளவுக்குள் இருந்தாலும் தளர்ந்த இணைப்பு சூடேறும், அது பிரேக்கருக்குத் தெரியாது. புதிய சர்க்கிட் போடுவதென்றால் ஒன்ராறியோவில் மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். கூலிக்கு ஆள் பிடித்தால் அவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். "தெரிந்த பொடியன் செய்வான்" என்பது இங்கே செல்லாது. விளக்கிலும் சிஎஸ்ஏ போன்ற அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அதில் வளர்ப்பதைத் தடுக்கலாம். காண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) விதிகளும் தடுக்கலாம். ஈரத்தால் சுவரில் பூஞ்சை பிடித்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது பேஸ்மென்ட்டில் என்ன வைத்திருந்தீர்கள் என்பதைத்தான்.

மருத்துவத் தேவைக்குக் கணக்கு வேறு. வைத்தியர் எழுதித் தந்த பத்திரத்தோடு மத்திய சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவில் பதிந்தால், நாளுக்கு ஒரு கிராம் தேவைப்படுபவர் வீட்டுக்குள் 5 செடி வளர்க்கலாம், வெளியில் என்றால் 2. விளக்கின் கீழ் ஒரு செடி 30 கிராம்தான் தரும், ஆனால் வருடத்துக்கு மூன்று அறுவடை கிடைக்கும் என்பது செடி எண்ணிக்கையைக் கணக்கிடும் சூத்திரத்தின் அனுமானம். வெயிலில் ஒரே அறுவடை, ஆனால் செடிக்கு 250 கிராம்.

அறுவடை செய்ததை விற்கக் கூடாது. வெளியே கொண்டுபோனால் உலர்ந்தது 30 கிராம் வரைதான். ஒரு விதையும் ஒரு கிராமாகவே எண்ணப்படும். ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒரு விதைகூட வேண்டாம். கஞ்சாவோடு எல்லை தாண்டுவது கனடாவிலேயே குற்றம். இந்தியாவில் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை சிறை.

வீடு மாறுகிறவர்களுக்கு ஒன்று: டென்ட்டையும் விளக்கையும் லாரியில் ஏற்றலாம். மொட்டுவிட்ட, பூத்த செடியைப் பொது இடத்தில் வைத்திருக்க முடியாது, தெருவில் நிற்கும் வாகனமும் பொது இடம்தான். அறுத்துவிட்டுக் கிளம்புங்கள்.