தோணிக்குள் ஓடும் தண்ணீர்

வாவியின் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்குத் தோணியில் போகும்போது காலடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றால் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. கரை சேர்ந்த பிறகு இறைக்கலாம் என்று விட்டுவிடுவோம். மட்டக்களப்பு வாவியில் தோணி வலிப்பவர்கள் காற்றுக்கும் முன்னதாகப் பயப்பட வேண்டியது அந்தத் தண்ணீருக்குத்தான் என்பேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தோணியின் அடி 4 மீற்றர் நீளம், 60 சென்ரிமீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே 120 லீற்றர், அதாவது 120 கிலோ. இரண்டு பேர் கூடுதலாக ஏறிய பாரம். ஆட்கள் என்றால் சொன்ன இடத்தில் இருப்பார்கள், தண்ணீர் இருக்காது. தோணி இடப்பக்கம் கொஞ்சம் சரிந்தாலும் தண்ணீர் இடப்பக்கம் ஓடும். ஓடிய பாரம் தோணியை இன்னும் சரிக்கும், சரியச் சரிய இன்னும் ஓடும்.

தோணி சாதாரணமாக எப்படி நிமிர்கிறது? சரிந்த பக்கம் நீருக்குள் கூடுதலாக அமிழ்வதால், நீர் அந்தப் பக்கத்தைக் கூடுதலாக மேலே தள்ளுகிறது. தோணி, ஆட்கள், சுமை எல்லாம் சேர்ந்த எடையின் மையம் தாழ இருக்கும்வரை இந்தத் தள்ளல் தோணியை நிமிர்த்திவிடும். மையம் உயர உயர நிமிர்த்தும் வலு குறையும். ஓர் அளவுக்கு மேல் போனால், சரிந்த தோணி திரும்பி வராது.

ஆள் எழுந்து நிற்கும்போது நடப்பது இதுதான். நிற்பவரின் எடைமையம் ஏறக்குறைய தொப்புள் உயரத்தில் இருக்கிறது. வீச்சுவலை எறிபவரைக் கவனியுங்கள்: நனைந்த வலையின் பாரம் ஒரு பக்கத் தோளில், இடுப்பைத் திருப்பி எறியும் வேகம் முன்னோக்கி, வலை கையை விட்டுப் போகும் நொடியில் உடலுக்குப் பின்னோக்கி ஓர் உதைப்பு. பழகியவர்கள் நடுக்கோட்டை விட்டு விலகாமல், முழங்காலைச் சற்று மடித்து அதைத் தாங்கிக்கொள்வார்கள். அந்த நேரம் பார்த்துக் கூட இருப்பவரும் எழுந்தால் சரி, தோணி கவிழ்ந்ததுதான். ஒருவர் எறியும்போது மற்றவர் அடியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். தண்ணீரையும் அதற்கு முன்பே இறைத்துவிட வேண்டும்.

நம் வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது, ஆழமும் குறைவு. மாரியில் வாடை அந்த நீளவாக்கில் அடிக்கும்போது குட்டையான, செங்குத்தான அலைகள் எழும்பும். குறுக்கே கடக்கும் தோணிக்கு அவை விலாவில் விழும். அலைக்கு முகத்தைச் சற்றுத் திருப்பிச் சாய்வாகக் கடப்பது நேரம் பிடிக்கும், ஆனால் தண்ணீர் உள்ளே ஏறுவது குறையும்.

கவிழ்ந்த பிறகு? மரத்தோணி தண்ணீர் நிரம்பினாலும் மூழ்காது, மரம் மிதக்கும். ஃபைபர் தோணி என்றால், உள்ளே அடைத்த காற்றறையோ நுரைக்கட்டியோ இருந்தால்தான் மிதக்கும். வாங்கும்போதே கேட்டுப் பாருங்கள். மிதக்கும் தோணியை விட்டு நீந்தக் கூடாது. கரை கிட்டத்தில் தெரிந்தாலும், நனைந்த சாரம் காலைச் சுற்றிக்கொள்ளும். நிலைக்கும் ஆழம் என்று காலை ஊன்றினால் சேறு பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று: மாரி வெள்ளத்தில் வாவி நீரின் உப்புக் குறைகிறது. கடல் நீர் நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. 60 கிலோ ஆளுக்கு அதனால் கிடைக்கும் தாங்கல் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. கல்லடிக் கடலில் சுலபமாக மிதந்தவர், மாரியில் வாவிக்குள் அப்படி மிதக்க மாட்டார்.

நம் தலையின் எடை 4 முதல் 5 கிலோ. மூடி இறுக்கிய வெறும் 5 லீற்றர் பிளாஸ்டிக் கான் ஒன்று ஏறக்குறைய அவ்வளவைத் தாங்கும். உயிர்காப்பு அங்கி மயங்கிய ஆளின் வாயை நீருக்கு மேலே வைத்திருக்கவென்றே செய்யப்பட்டது, கானால் அது முடியாது. அங்கி இல்லாத தோணியில், ஆளுக்கொரு கானாவது கைக்கெட்டக் கிடக்கட்டும்.

மூழ்குபவர் கூச்சலிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். மூச்செடுக்கவே வாய் போதாதபோது சத்தம் வராது, கைகள் நீரை அமுக்கிக்கொண்டிருக்கும், அசைக்க வராது. 20 முதல் 60 நொடிக்குள் ஆள் அமிழ்ந்துபோகலாம். கிட்டே நீந்திப் போனால் உங்களையும் பிடித்து அமுக்குவார். துடுப்பை நீட்டுங்கள், கானை எறியுங்கள். தூக்கியெடுத்த பிறகு மூச்சில்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க நேரம் கடத்த வேண்டாம். முதலில் வாயோடு வாய் வைத்து 5 முறை மூச்சு ஊதுங்கள், அப்புறம் நெஞ்சை 30 முறை அழுத்தி 2 முறை ஊதுவதைத் தொடருங்கள். பக்கத்தில் நிற்பவர் 1990 அம்புலன்ஸை அழைக்கட்டும்.